சித்தி வாங்கிய நூறு குதிரை

"பழைய பட்டுப் புடவை மாற்றுவது, பழைய ஈயச் சொம்பு வாங்குவது என்றெல்லாம் எழுதுகிறீர்களே, பழைய கார் வாங்குவதைப் பற்றி ஒரு வாரமாவது எழுதக் கூடாதா?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கார் விஷயத்தில் என் ஞானம், முன் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆகையால் அந்தக் கடிதத்தை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டேன். சித்தி மட்டும் டெலிபோன் செய்திராவிட்டால் அது இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

"டேய், ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆபீஸ் கிடையாதே? கார் பார்க்கப் போகணும். நல்ல வேகமான கார். பழசாயிருந்தால் போதும்."

"யாருக்கு சித்தி?"

"எனக்குத்தான். உன் சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. அதை நீதான் சொல்லணும்."

சித்திக்கு வயது ஐம்பத்தைந்து. பாங்க் உத்தியோகம், குரோம்பேட்டையில் வீடு. போன வருஷம் உத்திரமேரூர்க் கிளைக்கு மாற்றல் ஆயிற்று. போக அறுபது அறுபத்தைந்து கிலோமீட்டர், வர அதே அளவு. பஸ்ஸில் போனால் ஏறி இறங்கியே பொழுது போய்விடும் என்று, பதினோரு வருஷமாக வீட்டில் இருந்த சின்னக் காரிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். செங்கல்பட்டு வரையில் ராஜபாட்டை. அதற்கப்புறம் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை என்ற ரோடு. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் அகப்பட்டுக்கொண்டால் அதன் பின்னாலேயே ஊர்வலம் போக வேண்டியதுதான்.

ஒரு நாள் சித்தி ஊர்வலம் போகப் பிரியப்படவில்லை. எதிரே ரோடு காலியாகத்தான் இருந்தது. வலது பக்கம் ஒடித்து மிதித்தாள். "நான் மிதிச்சேன்டா. அது யோசிச்சுது" என்றாள் என்னிடம். கார் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே வளைவில் ஒரு பஸ் வந்துவிட்டது. டிராக்டர்காரர் புண்ணியவான், மண் ரோட்டில் இறக்கி வழி விட்டார். அன்றைக்குப் பாங்கில் பத்தரை மணி வரையில் கையெழுத்துப் போட முடியாமல் சித்தியின் கை நடுங்கிற்றாம். இந்தச் சமாசாரத்தை இன்றுவரை சித்தப்பாவிடம் அவள் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வேகமான கார் என்றதும் சித்தப்பா நான் எதிர்பார்த்ததைவிட அமைதியாகவே கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிடையராக அஞ்சு வருஷம் இருக்கிறப்போ ரேஸ் காரா? அந்த ஏழு லட்சத்தை மாடியிலே ஒரு அறை கட்டலாம்னு வெச்சிருந்தோமே?"

"வெச்சிருந்தது நான். கட்டலாம்னு சொன்னது நீங்க" என்றாள் சித்தி, அடுக்களையிலிருந்து.

இங்கே சித்தியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, மோட்டார்ப் பைத்தியம். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று அவரிடம் இருந்தது. முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் மாதிரி முன்னால் கவிழ்த்துத் திறக்கலாமே, அந்த வண்டிதான். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த நாட்களில், எட்டு வயதுச் சித்தியையும் தம்மோடு அழைத்துப் போவாராம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் வந்துவிட்டது. ஆனால் சித்தியின் மூக்கில் இன்னும் சோழவரத்துப் புழுதியும் பெட்ரோல் வாசனையும்தான் இருக்கின்றன. ஹெரால்டில்தான் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அரிசி மூட்டை ஏற்றி வருவதுமான கார்களையே ஓட்டி வந்திருக்கிறாள்.

சரி, வேகம் என்றால் என்ன? நாலு இளைஞர்களைக் கேட்டால் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் என்பார்கள். அது எதற்கு? சென்னை நகருக்குள் 2023இல் கார்களுக்கு 60 கிலோமீட்டர் என்று வரம்பு கட்டினார்கள். குரோம்பேட்டைச் சிக்னலில் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அறுபதும் ஆகாசக் கோட்டைதான். தினப்படி ஓட்டுகிறவருக்கு வேண்டிய வேகம் வேறே. அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் நூறுக்கு எத்தனை வினாடியில் வருகிறது என்பதுதான் கணக்கு. ஒரு கார் பன்னிரண்டு வினாடியிலும் இன்னொன்று எட்டு வினாடியிலும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் நாலே வினாடி. ஆனால் அந்த நாலு வினாடியில் நம் வண்டி ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் ஓடுகிறது, அதுவும் ரோட்டின் தப்பான பக்கத்தில். எதிரே அறுபதில் வருகிற பஸ்ஸும் சும்மா நிற்காது. அது ஒரு அறுபத்தேழு மீட்டர் நெருங்கி வந்திருக்கும். சித்தி இந்தக் கணக்கைப் பாங்குத் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது நான் வாயடைத்துப் போனேன்.

குதிரை சக்தி என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்கும் நம் அடுக்களையிலேயே அளவுகோல் இருக்கிறது. மிக்ஸியின் அடியில் 750 வாட் என்று போட்டிருக்கும், பாருங்கள். ஒரு குதிரை என்பது ஏறக்குறைய அதுதான். நூறு குதிரைக் கார் என்றால் நூறு மிக்ஸி ஒரே சமயத்தில் தேங்காய்ச் சட்னி அரைக்கிற மாதிரி. ஆனால் குதிரைகளை மட்டும் எண்ணினால் போதாது. வண்டியின் எடையையும் பார்க்க வேண்டும். நூறு குதிரை ஒரு டன்னுக்குக் குறைவான காரை இழுப்பதும், ஒன்றரை டன் கப்பலை இழுப்பதும் ஒன்றாகுமா?

இப்போதெல்லாம் சின்ன இன்ஜினிலேயே நிறையச் சக்தி வருகிறதென்றால் அதற்கு டர்போ என்கிற சாதனம் காரணம். விறகு அடுப்புப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஊதுகுழல்தான். ஒரே ஒரு வித்தியாசம். அடுப்பிலிருந்து வெளியே போகும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரம் அடுப்பை ஊதினால் எப்படி இருக்கும்? அதுவேதான். அந்தச் சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதற்கு உயிர் நாடி இன்ஜின் எண்ணெய். முன்னால் வைத்திருந்தவர் எண்ணெய் மாற்றுவதில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்திருந்தால், அந்த மிச்சத்தை வட்டியோடு நாம் கட்டுவோம். பழைய வேகக் கார் வாங்குவதில் உள்ள வம்பெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாதாரணக் காரை ஒருவர் சுமாராகப் பார்த்துக்கொண்டால் அது சுமாராக ஓடும். வேகக் காரைச் சுமாராகப் பார்த்துக்கொண்டால் அது ஓடுகிற வரையில் ஜோராக ஓடும். பிறகு ஒரே நாளில் வாயைப் பிளக்கும்.

சித்தி ஒரு ஜாபிதா தயாரித்திருந்தாள். முதலில் இருந்தது பியட் கம்பெனியின் அபார்த் புன்டோ. 2015இல் வந்தபோது டில்லி விலை 9.95 லட்சம், 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 145 குதிரை. பந்தயக்காரர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிற வண்டி. ஆனால் சாதாரணப் புன்டோவைவிடத் தாழ்வு. நம் தெரு வேகத்தடைகள் அதை வயிற்றில் குத்தும். அதோடு, பியட் பெயரில் புதுக் கார் விற்பது இந்தியாவில் நின்று போய்ப் பல வருஷம் ஆயிற்று. பாகம் கிடைக்காது என்று இல்லை. கிடைக்கிற வரையில் உத்திரமேரூருக்கு யார் போவது? மறைமலை நகரில் ஓடிக்கொண்டிருந்த போர்டு கம்பெனியும் இங்கே கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021இல் அறிவித்தது. சித்தி தினமும் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போகிறாள். ஒரு லிட்டர் டர்போ போட்ட ஈகோஸ்போர்ட்டையும் பெருமூச்சோடு அடித்துவிட்டாள்.

போக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்று ஒன்று, 2013இல் வந்தது. 1.2 லிட்டர், 105 குதிரை, தானே மாற்றிக்கொள்ளும் ஏழு கியர். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒரு கிளட்ச் என்று சாமர்த்தியமான ஏற்பாடு. நெடுஞ்சாலையில் வெண்ணெய். ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். அங்குலம் அங்குலமாக ஊர்கிற நெரிசலில் சூடேறித் தேயும். அந்த மாதிரிக் கியர்ப் பெட்டியை வாங்குகிறவர் பெட்டியின் ஜாதகத்தை முழுவதும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021இல் வந்தது, 120 குதிரை. அதில் ஒரு ரகத்தில் கியர்த் தடி உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. "பூரிப் பலகை இருக்கு, கட்டையைக் காணோம்கிற மாதிரி" என்றாள் சித்தி. ரகம் எதுவானாலும் எங்கள் கைக்கு எட்டிய விலையில் நல்லதாக ஒன்று அகப்படவில்லை. 230 குதிரை ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றின் படத்தைச் சித்தி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள்.

விலை விஷயத்தில் சித்தியின் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் ஏழு லட்சம் இருந்தால் காருக்கு ஐந்தரைக்கு மேல் கிடையாது. மிச்சம் ஒன்றரை லட்சமும், வாங்கின வருஷத்திலேயே டயர், பிரேக், எண்ணெய், இன்ஷூரன்ஸ் என்று அந்தக் காருக்கே போகும். ஏழையும் கொடுத்து வாங்கிவிட்டு, தேய்ந்த டயரோடு நூறில் போவதைப் பற்றி அவள் உபயோகித்த வார்த்தையை இங்கே அச்சிட முடியாது.

முதல் ஞாயிறு ஒரு பழைய கார் முற்றத்துக்குப் போனோம். கறுப்பு நிறம், பளபளவென்று ஒரு வெளிநாட்டுப் பேர் வண்டி. விலையோ, நம்ப முடியாத மலிவு. நம்பர் பலகை டில்லி. அங்கே 10 வருஷமான டீசல் கார்களும் 15 வருஷமான பெட்ரோல் கார்களும் ஓடக் கூடாது என்று தீர்ப்புகள் வந்து, 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து வயதான கார்கள் அங்கிருந்து தெற்கே யாத்திரை கிளம்பிவிட்டன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த ஊர் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் வேண்டும். இங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும். மூன்றையும் கூட்டினால் மலிவு மாயமாகிவிடுகிறது. சித்தி கூட்டினாள். தரகர் முகம் சுருங்கிற்று.

இரண்டாவது கார்தான் எனக்குப் பாடம். சிவப்பு நிறம். உள்ளே மல்லிகைப்பூ சென்ட் வாசனை கமகமவென்று வந்தது. நான் மயங்கிவிட்டேன். சித்தி வாசனை வந்ததுமே புருவத்தை நெரித்தாள். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைக் கடைசி வரையில் மெல்ல இழுத்தாள். கடைசி ஒரு முழம் மட்டும் பழுப்பு நிறம். அதன் விளிம்பில் கோடு கிழித்தாற்போல் மண். பின்னால் போய் உபரிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள், குழியில் துரு. கால் மிதியைக் கிளப்பி அடியில் கை வைத்தாள். ஈரம் இல்லை, ஆனால் வாடை இருந்தது. "மிச்சாங்கா, 2015ஆ?" என்று தரகரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் மறக்கவே கூடாது. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவலாம், மெருகு போடலாம், சென்ட் அடிக்கலாம். ஆனால் இக்காலத்துக் காரில் மின்கம்பி நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதில் ஏறின துரு எந்த மழை ராத்திரியில் எந்த விளக்கை அணைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, வேளச்சேரியில் ஒரு பையன். கார் அவன் பிராணன். இன்ஜினின் கம்ப்யூட்டர் மூளையை மாற்றி முப்பது குதிரை கூட ஏற்றியிருந்தான். பின்னால் புகைக்குழாய் எவர்சில்வர் குடம் மாதிரி. சித்தி அவனோடு அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை. வெளியே வந்ததும், "நல்ல பையன். ஆனா வேண்டாம்" என்றாள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதோடு, சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க இடம் கிடைத்துவிடும். ஏற்றின முப்பது குதிரையும் அதே பழைய கிளட்சையும் அதே கியர்ப் பெட்டியையும்தானே இழுத்திருக்கின்றன!

நாலாவது வண்டியை அண்ணாநகரில் பார்த்தோம். ஒரு டாக்டர் தம்பதி, வெளிநாடு போகிறார்கள். மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்து 2020 தொடக்கத்தோடு நின்றுபோன ரகம். ஒரு லிட்டர் டர்போ, நூற்றுச் சொச்சம் குதிரை, எடை 950 கிலோதான். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கையால் போடும் ஐந்து கியர், மூன்று பெடல். அபார்த்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இது சாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுது பார்க்கும் இடம் குரோம்பேட்டையிலும் உண்டு, செங்கல்பட்டிலும் உண்டு. பார்வைக்கோ, எதிர்வீட்டு பலேனோவுக்கு அண்ணன் தம்பி.

முதல் நாளே டெலிபோனில் சித்தி சொல்லியிருந்தாள்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க." காலை ஆறரைக்குப் போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்பே முன்மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசுமாம். எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தோம். அங்கே தயிரேடு மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். படியவில்லை. ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு, பிறகு ஒரு மிதி. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வரவில்லை.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், அதைப் பார்க்கச் சொன்னாள். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. இந்த வண்டியில் நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். அதைப் பார்த்ததும் சித்தியின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். வேகக் காரை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஒரு டயர், மறுபக்கம் மலிவாக வேறொரு டயர் என்று போட்டிருக்கிறவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன மிச்சம் பிடித்திருப்பார்! டாக்டரம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய ரசீதுகளைக் கொண்டு வந்து வைத்தார். எண்ணெய் மாற்றின தேதிகள் வரிசையாக இருந்தன. மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டியது. கடைசி ரசீது 39,000. பெடல் ரப்பரின் தேய்மானமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஒரு ரசீதைச் சித்தி தனியாகத் தேடி எடுத்தாள். இந்த ரகக் காரில் பிரேக்குக்கு உதவி செய்யும் வாக்குவம் பம்பில் கோளாறு இருக்கலாம் என்று, 2023 ஏப்ரலில் மாருதி கம்பெனியே 7,213 கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. அந்தக் கோளாறு வந்தால் பிரேக் நிற்காமல் போகாது. ஆனால் காலை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். கூப்பிட்டவுடன் போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. இவர்கள் போயிருந்தார்கள். ஆனாலும் சித்தி சாஸி நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து சர்வீஸ் நிலையத்தில் தனியாகவும் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் இப்படி ஒரு கேள்வி கேட்கலாம்; காசு செலவில்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தாள். நான் பின் சீட்டில். ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே மிதித்தாள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறின. காலி ரோட்டில் பிரேக்கை அழுத்தி, ஸ்டீயரிங்கை விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் இழுக்கவில்லை, நடுங்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, வண்டியை ஒரு நெரிசலான கடைத்தெருவுக்குள் விட்டு இருபது நிமிஷம் ஊர்ந்தாள். அது எதற்கென்று கேட்டேன். "வேகமா போறது எல்லா வேகக் காரும் போகும். மெதுவா போறச்சே முழங்கால் வலிக்குதா, சூடு ஏறுதா, குழந்தை மாதிரி முரண்டு பண்ணுதான்னு பார்க்கணும்டா. என் நாள்லே பாதி இப்படித்தானே போகுது?"

எங்கள் பேட்டை மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன் பிரேக் தகடு இரண்டும் மாற்ற வேண்டும், ஒரு புஷ் போய்விட்டது என்றார். அதைச் சொல்லிச் சித்தி பதினைந்தாயிரம் குறைத்துக்கொண்டாள். புடவைக் கடையில் பேரம் பேசுகிற குரல்தான். ஆனால் கையில் மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது.

சேலத்து வாசகிக்காகக் காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நம்பரைக் கொண்டு அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் பார்த்தால் கடன் பாக்கி இருக்கிறதா, அபராதம் நிற்கிறதா என்று தெரியும். வேகக் காருக்கு அபராதச் சீட்டும் வேகமாகத்தான் சேரும். பணம் கொடுக்கிற அன்றே 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளைக்குள் நம் பேருக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டினதற்குக் கொடுக்கும் தள்ளுபடி ஆளோடு போவது, காரோடு வருவதில்லை. சித்தியின் பழைய காரில் சேர்ந்திருந்த தள்ளுபடியை அதை விற்றதும் புதியதற்கு மாற்றிக்கொண்டாள். டாக்டருடையது டாக்டரோடேயே போயிற்று.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. 2025க்குள் பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ரகங்கள் அதற்கென்று செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பழைய கார் எது வாங்கினாலும் இந்தக் கவலை கூடவே வருகிறது.

கார் வந்த அன்று சித்தப்பா வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். ரேஸ் கார் என்று எதையோ எதிர்பார்த்திருந்தவருக்கு முகத்தில் நிம்மதி. "இது நம்ம எதிர்வீட்டுக்காரர் வண்டிதானே! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சித்தப்பாவும் கூடப் போனார். செங்கல்பட்டு தாண்டி, வழக்கம்போல் கரும்பு டிராக்டர். சித்தி உடனே தாண்டவில்லை. வளைவு முடிந்து, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு காலியாகத் தெரிகிற வரையில் பின்னாலேயே பொறுமையாகப் போனாள். பிறகு மூன்றாவது கியர். கார் யோசிக்கவில்லை. டிராக்டர் பின்னால் சின்னதாகிவிட்டது. வண்டி இடது பக்கம் வந்து அறுபத்தைந்துக்கு இறங்கிவிட்டது. சித்தப்பாவின் மடியிலிருந்த பேப்பர் மட்டும் பின் சீட்டில் கிடந்ததாம்.

இரண்டு கிலோமீட்டர் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரைக்கும் நான் ஓட்டட்டுமா?" என்றார்.

"லைசென்ஸைப் புதுப்பிச்சீங்களா?"

புதுப்பிக்கவில்லை. திங்கட்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார்.